புகையில் ஒட்டிக்கொண்ட முகம்

திரையில் ‘நோ சிக்னல்’ என்று நீலமாக வந்து நின்றால் பதறாதீர்கள். அது நேர்மையான மெஷின். எனக்கு எதுவும் வந்து சேரவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறது. வயரை அசைத்துப் பாருங்கள், இன்புட்டை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். படமே வராத திரையைக் கண்டு நான் ஒருநாளும் பயந்ததில்லை. யாரும் போடாத படம் ஒன்று திரையில் வந்தது பாருங்கள், அன்றைக்குத்தான் பயந்தேன்.

ஹட்டனில் சவுண்ட், லைட், புரொஜெக்டர் வாடகைக்கு விடும் கடையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் வட்ஸ்அப் குழுவில் போடுவதையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் உங்களில் ஒருவர், “அண்ணே, புரொஜெக்டர்ல கோஸ்டிங் வருது, என்னா செய்யலாம்?” என்று ஒரு போட்டோவைப் போட்டிருந்தார். பார்த்தேன். அது கோஸ்டிங் இல்லை. இரண்டு நாளாக அந்தச் சொல் மண்டைக்குள் குடைகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். சொல் தெரியாமல் தொழில் செய்தால் என்ன நடக்கும் என்று என் வாயால் கெட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

கோஸ்டிங் என்றால் வேறு. வயர் நீளமாகவோ மட்டமாகவோ இருந்தால், போன சிக்னல் முழுவதும் உள்ளே போகாமல் கொஞ்சம் முட்டித் திரும்பி வரும். பள்ளத்தாக்கில் கூப்பிட்டால் குரல் திரும்பி வருகிற மாதிரி. அப்போது ஒவ்வொரு உருவத்துக்கும் வலது பக்கத்தில் இன்னொரு மெல்லிய உருவம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பழைய விஜிஏ வயர் காலத்தில் இது சர்வசாதாரணம். வயரை மாற்றினால் போய்விடும்.

மற்றது, படம் ஒட்டிக்கொள்வது. ஒரே படத்தை மணிக்கணக்கில் அசையாமல் போட்டு வைத்தால், எல்சிடி புரொஜெக்டருக்கு உள்ளே இருக்கிற கண்ணாடித் தகடு அந்தப் படத்திலேயே உறைந்துபோகும். நீங்கள் வேறு படம் போட்டாலும் பழைய படத்தின் சாயல் அடியில் இருக்கும். நிறமும் அசைவும் உள்ள படத்தில் கண்ணுக்குப் படாது. வெள்ளையாகவோ சாம்பலாகவோ ஏதாவது வந்தால் மட்டும் எழுந்து நிற்கும். இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்ட ஆள்தான் உங்களுக்கு இதை எழுதுகிறான்.

கொத்மலைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து அதிபரம்மா தவறிப்போய் முப்பத்தோராம் நாள். பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து மண்டபத்தில் நினைவுக்கூட்டம் வைத்தார்கள். இரண்டு நாள். மேடையில் பெரிய திரை. அதில் அந்த அம்மா முப்பது வயதில் எடுத்துக்கொண்ட படம். மூக்குக் கண்ணாடி, நடுநெற்றியில் பெரிய பொட்டு, சிரிப்பு வரப்போகிற மாதிரி மூடிய வாய். முதல் நாள் சாயங்காலம் நான் மெஷினை அணைக்கப் போனபோது அவருடைய மகன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அணைச்சுறாதீங்க தம்பி. வெளக்குன்னு நெனச்சுக்குங்க. முப்பத்தொண்ணு முடியிற வரைக்கும் எரியட்டும்.”

செத்தவர்கள் படத்துக்கு முன்னால் விளக்கு அணையக் கூடாது என்பது நமக்குத் தெரியும். திரையில் தெரிகிற படத்தையே விளக்காக்கியது அவர்தான் முதல் ஆள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெஷின் விளக்கு இல்லை ஐயா, நடுவில் கொஞ்சம் வேறு படம் போட்டு எடுக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த முகத்தை அணையாமல் எரிய விட்டேன்.

மூன்றாம் நாள் காலை அதே மெஷினோடு தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கல்யாணத்துக்குப் போய் இறங்கினேன். ஒரு வெள்ளைத் திரையைப் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நேரமாகிவிட்டது, எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சோம்பல்தான், வேறொன்றும் இல்லை.

மாப்பிள்ளை சிவகுமார், தேயிலை ஃபெக்டரியில் வேலை. அவனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி செல்வி காய்ச்சலில் போய் ஐந்து வருடம். இது ஊரறிந்த விஷயம், யாரும் மறைக்கவில்லை. பெண் ரஞ்சனி, அதே தோட்டத்தில் முன்பள்ளி டீச்சர். மண்டபம் சின்னது, சனம் அதிகம். பின்னால் நிற்பவர்களுக்கு மணவறை தெரியாது என்பதால் கெமராவில் எடுப்பதை அப்படியே பக்கத்துத் திரையில் காட்ட வேண்டும். கெமரா ரிஸ்வான், தலவாக்கலைப் பையன், நிதானமான ஆள். வெளியே பனி இறங்கி ஜன்னலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. குளிருக்கு எல்லாவற்றையும் இழுத்துச் சாத்தி வைத்திருந்தார்கள்.

முகூர்த்தம் பத்தரைக்குள். பத்து மணி தாண்டியதும் ஐயர் ஓமத்தில் நெய்யை ஊற்றினார். விறகு ஈரம். சாத்திய மண்டபத்தில் புகை அப்படியே எழும்பியது. ரிஸ்வான் கெமராவை ஓமத்தின் மேல் கொண்டுபோனான். திரை முழுவதும் சாம்பல் நிறப் புகையானது.

அந்தப் புகைக்குள் ஒரு பெண் முகம் இருந்தது.

முதலில் பார்த்தது நான்தான். கழுத்து இல்லை, தோள் இல்லை. இரண்டு கண், மூடிய வாய். பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் திருநீறு அள்ளிப் பூசிய மாதிரி ஒரு வெள்ளை. புகை சுருண்டு சுருண்டு மேலே ஓடியது. முகம் ஓடவில்லை. புகைக்குப் பின்னால் நின்று சனத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அது என் மெஷினின் வேலை என்பது அந்த நொடியில் எனக்கே தோன்றவில்லை.

நாதஸ்வரக்காரர் நிமிர்ந்து பார்த்தார், ஊதிக்கொண்டிருந்தது அறுந்து நின்றது. சனம் ஒவ்வொருவராகத் திரும்பியது. முதல் வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் எழுந்தார்.

“செல்வி. டேய் சிவா, செல்விடா அது!”

ரிஸ்வான் பதறிப்போய் கெமராவைப் பெண்கள் பக்கம் திருப்பினான். பட்டுப்புடவைகளின் நிறத்தில் முகம் காணாமல் போனது. கெமரா நழுவி மறுபடி புகைக்கு வந்ததும் முகமும் வந்தது.

“போயிட்டுப் போயிட்டு வாறா, பாருங்க” என்று யாரோ பின்னால் முனகினார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

மாப்பிள்ளையின் தாய் தலையில் அடித்துக்கொண்டார். “சேல வச்சுக் கும்புடாம மணவறைக்கு வந்தோம்ல? அதான் வந்துட்டா. நான்தானே வேணாம்னேன். புதுசா வாற புள்ள மனசு நோகும்னு நான்தானே வேணாம்னேன்.”

உங்களுக்குத் தெரியாதது இல்லை. சுமங்கலியாகப் போன மூத்தவளுக்கு ஒரு புதுச்சேலை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் இளையவளுக்குத் தாலி கட்டுவார்கள். அதை விட்டுவிட்ட குற்றவுணர்ச்சி அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருட்டுக்கூட வேண்டியிருக்கவில்லை.

அதற்குள் எனக்குப் பொறி தட்டிவிட்டது. அந்த முகத்தை மூக்குக் கண்ணாடி இல்லாமல் பார்த்ததால்தான் யாரென்று மட்டுப்படவில்லை. அது அதிபரம்மா. கண்ணாடியின் மெல்லிய கம்பி ஒட்டவில்லை, முகம் மட்டும் ஒட்டியிருக்கிறது. மைக் என் மேசையில்தான் இருந்தது. எடுத்தேன், சனத்தை அமைதிப்படுத்துகிறேன் பேர்வழி என்று கத்தினேன்.

“யாரும் பயப்படாதீங்க! இது கோஸ்டிங்! வெறும் கோஸ்டிங்தான்!”

நுணலும் தன் வாயால் கெடும். மாப்பிள்ளையின் தம்பி கொழும்பில் ஹோட்டல் வேலை செய்கிறவன். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று அந்தக் குடும்பத்தில் பேர். அவன் எழுந்து நின்று, “கோஸ்ட்டுன்னு அந்த அண்ணனே சொல்றாரு! கோஸ்ட்டுன்னா பேய்!” என்றான்.

அது வரைக்கும் வெறும் பயம். இப்போது ஸ்பீக்கரில், மெஷின் தெரிந்த ஆளே சொல்லிவிட்டான். வாசல் பக்கம் நெரிசல் ஆரம்பித்தது. ரஞ்சனியின் தாய் மணவறைக்குள் ஏறி மகளின் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். “எந்திரி புள்ள. எந்திரிச்சு வந்துரு. இந்தத் தாலி வேணாம்.”

அவள் எழுந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். மணவறையில் உட்கார்ந்து தாலி ஏறாமல் எழுந்தவள் என்ற பேர் தோட்டத்தில் எத்தனை வருடம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதுவும் செத்தவள் வந்து எழுப்பினாள் என்ற பேர். அந்தப் பெண்ணின் வாழ்க்கையை என் மெஷின் தின்னப் பார்த்தது.

ரிஸ்வான் என் காதுக்குள் சொன்னான்: “அண்ணன், ஓஃப் பண்ணிருங்க. போயிரும்.”

என் விரல் பட்டனுக்கு மேல்தான் இருந்தது. தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். அணைத்தால் முகம் போகும், உண்மைதான். ஆனால் போன முகம் செல்வியின் முகமாகவே போகும். அதற்குப் பிறகு நான் எந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் யாரும் நம்பப்போவதில்லை. பயந்தவர்களுக்கு முன்னால் மெஷினை அணைப்பது, பயந்தது சரி என்று எழுதிக் கையெழுத்து வைப்பதுதான். நான் விரலை எடுத்தேன்.

லெப்டொப்பை இணைத்து வெறும் வெள்ளையைப் போட்டேன். முகம் இன்னும் தெளிவாக வந்தது. பிறகு மேசையோடு புரொஜெக்டரைத் திருப்பி வெளிச்சத்தைப் பக்கத்துச் சுவரில் அடித்தேன். முகம் திரையில் இல்லை, சுவரில் இருந்தது. மெஷின் போகிற இடத்துக்குத்தான் முகம் போகிறது, மெஷினில்தான் கோளாறு என்று காட்ட நினைத்தேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. “ஐயோ, அந்தாளு காட்டுற எடத்துக்கெல்லாம் வருது!” என்று சுவரோரம் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. அதிபரம்மாவின் உண்மையான படம் என் லெப்டொப்பில் இருந்தது. அதைப் போட்டால் கண்ணோடு கண், வாயோடு வாய் பொருந்தும். ஆனால் யோசித்துப் பாருங்கள். முப்பத்தொன்று முடிந்த மறுநாள், செத்தவர் படத்தை மணவறைக்குப் பக்கத்தில் போட வேண்டும். இழவு வீட்டு மெஷினைக் கழுவாமல் கல்யாண வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டும். என் பேர் போகும் என்பதைவிட, இது இன்னொரு அபசகுனமாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

மைக்கை வைத்துவிட்டு மணவறைக்குப் போனேன். மாப்பிள்ளை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ரஞ்சனியிடம் குனிந்து சொன்னேன்.

“தங்கச்சி, அது பேய் இல்ல, யாரு ஆவியும் இல்ல. முந்தாநாளு, நேத்துன்னு ரெண்டு நாளு ஒரே படத்த அணைக்காம போட்டு வச்சேன். அது மெஷினுக்குள்ள ஒட்டிக்கிச்சு. என் தப்பு. அந்தப் படம் எங்கிட்ட இருக்கு. ஆனா அவங்க எறந்துபோன ஆளு. போட்டுக் காட்டட்டுமா?”

படம் ஒட்டிக்கிச்சு. பாருங்கள், இவ்வளவுதான் சொல். இதை முதலிலேயே மைக்கில் சொல்லியிருந்தால் பாதி சனம் உட்கார்ந்திருக்கும்.

அவள் தாயின் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள். “போடுங்கண்ணே. யாருன்னு பாத்துட்டே போறேன்.”

புரொஜெக்டரைத் திரைக்குத் திருப்பி, வெள்ளைக்கு மேல் படத்தைப் போட்டேன். சாம்பல் கண்களுக்குள் கறுப்புக் கண்கள் வந்து உட்கார்ந்தன. வெள்ளைப் பொட்டுக்கு மேல் சிவப்புப் பொட்டு. வாய் வாயில் பொருந்தியது. கடைசியாக மூக்குக் கண்ணாடி. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் சனம் மூச்சு விட்டது. யாரோ ஒரு கிழவர், “பேய் கண்ணாடி போடுமாய்யா?” என்றார். சிரிப்பு ஒன்று கிளம்பியது. கொத்மலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, “இது எங்க அதிபரம்மா!” என்று கைகூப்பினார்.

மாப்பிள்ளையின் தாய் திரைக்குக் கிட்டப் போய் நெடுநேரம் பார்த்தார். “இது செல்வி இல்ல” என்றார். பிறகு அழுதார்.

படத்தை எடுத்தேன். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது ரஞ்சனி தனக்கு வந்த சீர்த்தட்டிலிருந்து ஒரு சேலையை எடுத்து மாமியாரின் கையில் கொடுத்தாள். “படம் யாரோடதா வேணும்னாலும் இருக்கட்டும் அத்த. அவுங்களுக்கு வைக்க வேண்டியத வச்சுக் கும்புட்டுட்டு வாங்க. நான் ஒக்காந்திருக்கேன்.”

வைத்துக் கும்பிட்டார்கள். பத்தரைக்குச் சில நிமிடம் இருக்கத் தாலி ஏறியது. நாதஸ்வரக்காரர் அன்றைக்கு ஊதிய கெட்டிமேளத்தில் கூரை பிய்ந்துபோகாதது ஆச்சரியம்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதை நான் ஒன்று இரண்டு என்று எண்ணிக் கொடுக்கப் போவதில்லை. வெள்ளையைப் போட்டுப் பார்க்காமல் மெஷினைச் சபைக்குக் கொண்டுபோகாதீர்கள். சபைக்கு முன்னால் நம் தொழில் இங்கிலீஷைப் பேசாதீர்கள். தப்பு உங்களுடையதென்றால், அதனால் அதிகம் இழக்கப்போகிறவரிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். மற்றது எல்லாம் மெஷினோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஆனால் எழுதாமல் விட முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது.

சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு, ஒட்டிய முகத்தைப் போக்குவதற்காக வெறும் வெள்ளையைப் போட்டு மெஷினை ஓடவிட்டிருந்தேன். அப்படி ஓடவிட்டால் தகடு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வரும். மண்டபத்தில் நான் மட்டும்தான். திரையில் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டிருந்தது. முதலில் வாய் போனது. கண்கள் மட்டும் மிஞ்சியிருந்தபோது யாரோ பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினேன். மாப்பிள்ளை, மாலையோடு.

“கோவமா தம்பி?” என்று கேட்டேன்.

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. கண் திரையில்தான் இருந்தது. “அவ போயி நாலாம் மாசம் எங்க லயத்து வீடுக வரிசையோட பத்திக்கிச்சுண்ணே. அல்பம், போனு, ஐடென்டி கார்டு எல்லாம் போச்சு. அவ அம்மா வீடும் அதே லயந்தான். ஒறவுக்காரங்ககிட்ட ஒரே ஒரு போட்டோ இருந்துச்சு. அதுல அவ குனிஞ்சுகிட்டு இருக்கா.”

அவன் திரைக்கு இன்னும் ஒரு அடி கிட்டப் போனான்.

“அவ மொகம் எனக்கு மறந்துபோச்சுண்ணே. யாருகிட்டயும் சொன்னதில்ல. காலையில அம்மா செல்வின்னு கத்துனதும், ஆமா, இதான் அவ மொகம்னு எனக்கும் தோணிருச்சு. அவ்வளவு சந்தோசமா இருந்திச்சு. பெறகு நீங்க கண்ணாடியோட போட்டுக் காட்டுனீங்க.”

வெளியே ரஞ்சனி யாரிடமோ அவனைத் தேடிக் கேட்கிற சத்தம் வந்தது. அவன் போகத் திரும்பினான். பிறகு நின்றான்.

“இப்ப செல்வின்னு நெனச்சா அந்த அதிபரம்மா மொகந்தான் வருது. கண்ண மூடுனாலும் அதான் வருது. இது போயிருமாண்ணே?”

“கொஞ்ச நாள்ல போயிரும் தம்பி” என்றேன்.

மெஷினைப் பற்றிக் கேட்டிருந்தால் அது சரியான பதில்.